காய்ச்சல் வராத நோயாளி

முப்பத்து மூன்று வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். வேலையை நன்றாகவே செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கரை உடைத்துக்கொண்ட மழையிலும் தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறேன். ஜீப் வருவதற்குள் இரட்டைப் பிரசவம் பார்த்திருக்கிறேன். அந்தக் கதைகளை எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். அதனால் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம், அவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் 'குணம்' என்று எழுதிவைத்த ஒரு வீட்டில் ஒரு மனிதர் சாகக் கிடந்த கதை.

நம் பக்கத்தில் சிக்குன்குனியா ஊர் ஊராகப் பரவிய வருஷம் அது. மயிலாடுதுறைக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றில் என் துணை சுகாதார நிலையம். மேட்டூர்த் தண்ணீர் வந்து சம்பா நடவு தொடங்கியிருந்த நேரம். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. இளவட்டங்கள் ஏற்கனவே திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் குவைத்துக்கும் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியிருந்தவர்களை இந்தக் காய்ச்சல் மடக்கிப் போட்டது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்க, வரப்பில் குந்திக்கொண்டு முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயரில் 'சிக்கன்' என்று வருவதால் கோழிக்கறியால்தான் இது வருகிறது என்று முடிவுகட்டி, ஒரு மாதம் கறிக்கடைப் பக்கமே யாரும் போகவில்லை. கொசுவைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். கோழியை மட்டும் மன்னிக்கவில்லை.

எங்களுக்கு அப்போது இடப்பட்ட வேலை எளிமையானது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கண்டவர்களின் பெயரை எழுத வேண்டும். மாத்திரை கொடுக்க வேண்டும். நான்கைந்து நாள் கழித்துத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டிருந்தால் பெயருக்கு நேராக 'குணம்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர வேண்டும். எனக்கு நான்கு கிராமம், ஒரு மொபெட். ஒரு வீட்டில் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் அன்றைய வேலை முடியாது.

பிள்ளையார் கோயில் தெருவில் மாடி வைத்துக் கட்டிய ஒரு வீடு. மகன் செந்தில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். அவன் அனுப்பியதில் எழும்பிய வீடு. உள்ளே இரண்டே பேர். அப்பா கோவிந்தராஜன், எழுபத்தைந்து வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஏறக்குறையப் போய்விட்டது. 'தண்ணி', 'ராஜி' என்று இரண்டு மூன்று வார்த்தைகள்தான் மிச்சம். ராஜி என்பது அவர் மனைவி ராஜேஸ்வரி அம்மாள், அறுபத்தாறு வயது. இரண்டு வருஷமாக அவரைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடுவார், ஊட்டுவார், துடைப்பார், துணி மாற்றுவார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அந்தக் கட்டிலையே வயலாகப் பார்த்த பெண்மணி.

ராஜேஸ்வரி அம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. போனேன், எழுதினேன், மாத்திரை கொடுத்தேன். ஐந்தாம் நாள் மறுபடி போனேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் காய்கிற நேரத்திலும் தோளைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். குளிர் இன்னும் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு நர்சம்மா. ஊருக்கே இருக்கு, எனக்கு மட்டுமா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். 'குணம்' என்று எழுதினேன்.

அன்று மாலையே செந்தில் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். தெருவில் யாருக்கு எந்தச் செய்தி வேண்டுமென்றாலும் என் செல்போனுக்குத்தான் அடிப்பார்கள்.

"அக்கா, அம்மா நல்லா இருக்கேன்னுதான் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, எப்படி இருக்காங்க? லீவுக்கு எழுதிப் போட்டிருக்கேன். வரட்டுமா?"

"காய்ச்சல் விட்டுடுச்சு தம்பி. இன்னைக்குத்தான் பாத்துட்டு வந்தேன். அலைஞ்சுகிட்டு வரணும்னு அவசியமில்ல."

"நீங்க சொன்னா சரிக்கா," என்றான். லீவை ரத்து செய்துவிட்டான்.

அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. காய்ச்சல் விட்டிருந்தது. பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் அவன் கேட்டது காய்ச்சலைப் பற்றி இல்லை.

பதினெட்டு நாள் கழித்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போடுவதற்காக அந்தத் தெருவுக்குப் போனேன். முடித்துக்கொண்டு வரும்போது ராஜேஸ்வரி அம்மாள் அவர் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அதே துண்டு. முகம் சுருங்கி, உதடு வெடித்திருந்தது.

"ஐயா எப்படி இருக்காரும்மா?"

"தூங்குறாரு. இப்பத்தான் கண்ணசந்தாரு."

"பதினோரு மணிக்கா?"

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. எழுப்ப வேண்டாம் நர்சம்மா, போயிட்டு வாங்க."

வீட்டுக்குள்ளிருந்து ஊதுவத்தி வாசனை வந்தது. ஒன்றிரண்டு இல்லை, கொத்தாக ஏற்றிவைத்தால் வருகிற வாசனை. வெள்ளிக்கிழமை இல்லை, விசேஷம் எதுவுமில்லை. காற்று ஒரு பக்கம் திரும்பியபோது அதற்கடியில் இருந்த இன்னொரு வாடையும் வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாருக்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

நான் படியேறியதும் அவர் எழுந்து குறுக்கே நின்றார். எழுந்த விதத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கையை ஊன்றவில்லை. முழங்கையைச் சுவரில் வைத்து உந்தி எழுந்தார். துண்டு நழுவியது. ஜாக்கெட்டில் ஒரு கொக்கிகூடப் போடப்படவில்லை. போட முடியவில்லை. அந்தத் துண்டு குளிருக்காகப் போர்த்தியது இல்லை.

இந்த வேலையில் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு நமக்கு இருக்கும் ஒரே உரிமை, அவர்கள் 'வாங்க' என்று சொல்வதுதான். அதை மீறி ஒரு முறை போய்விட்டால் அடுத்த முறை கதவு திறக்காது. அந்தப் படியில் நின்று அதை யோசித்தேன். திறக்காமலே போனாலும் போகட்டும் என்று முடிவெடுத்தேன்.

"அம்மா, நீங்க என்னை அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க. இப்ப நான் உள்ள போறேன்."

கோவிந்தராஜன் தூங்கவில்லை. கண் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. நாக்கு காய்ந்து கட்டையாக இருந்தது. மெல்ல ஒருக்களித்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண், நடுவில் கறுத்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்து "ராஜி" என்றார். வலிக்கிறது என்று சொல்லவில்லை. அவள் எங்கே, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற மாதிரி இருந்தது.

ராஜேஸ்வரி அம்மாள் கதவோரம் நின்றிருந்தார்.

"புரட்ட முடியல நர்சம்மா. விரல் மடங்க மாட்டேங்குது, மடங்குனா விரிய மாட்டேங்குது. முதல்ல தோளால முட்டிப் புரட்டுனேன். அப்புறம் அதுவும் முடியல. டிபன் கடையில இட்லி வாங்கியாரச் சொல்லி ரெண்டு கையாலயும் அள்ளி ஊட்டுனேன். தண்ணி மட்டும் குறைச்சுக் கொடுத்தேன், துணி நனையாதுல்ல."

"ஐயாவுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

"ஏம்மா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே?"

அவர் கோபப்படவில்லை. மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்கதான் சரியாயிடுச்சுன்னு எழுதிட்டுப் போனீங்களே. அதுக்கப்புறமும் முடியல முடியலன்னு எப்படிச் சொல்றது?"

இத்தனை வருஷத்தில் என் மேலதிகாரிகள் எனக்குக் கொடுத்த மெமோ எதுவும் எனக்கு நினைவில் இல்லை. இந்த ஒரு வாக்கியம் அப்படியே இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஃபோன் செய்தேன். டாக்டர் அரை மணி நேரத்தில் ஜீப்பில் வந்துவிட்டார். படிப்பு முடித்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்த பெண். என் மூத்த மகளைவிட இரண்டு வயதுதான் பெரியவர். புண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போயாக வேண்டும் என்றார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் கேட்டார்.

"இந்த வீட்டுல காய்ச்சல் யாருக்கு வந்தது சிஸ்டர்?"

"அம்மாவுக்கு மட்டும்தான் டாக்டர். ஐயாவுக்கு வரவே இல்ல."

"ரெஜிஸ்டர்ல அவங்க எங்க இருக்காங்க?"

"குணமானவங்கள்ல."

"ஐயா?"

"அவர் பேரே ரெஜிஸ்டர்ல இல்ல."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. அவருக்கே அப்போதுதான் விளங்கியது என்று நினைக்கிறேன். "காய்ச்சலே வராதவர்தான் இந்தக் காய்ச்சல்ல சாகப் பாத்திருக்காரு," என்று மெதுவாகச் சொன்னார். என்னைவிட இருபது வயது இளையவர் என் வேலையை ஒரே வரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

வாடகைக் காரில் அவரைக் கிடத்திக்கொண்டு போனோம். வார்டில் சேர்த்ததும் செந்திலுக்கு யார் சொல்வது என்று வந்தது. அங்கிருந்த ஒருவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, "திடீர்னு ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க, வயசானவர்தானே, நம்பிடுவான்," என்றார். நம்பிவிடுவான்தான். பென்ஷனுக்கு இன்னும் பல வருஷம் இருந்தது. அவன் ஒரு புகார் எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

"தம்பி, அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். படுக்கைப்புண் ஆழமா இருக்கு, சீழ் உள்ள இறங்கியிருக்கு. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டப்புறமும் கை வரல. அப்பாவைப் புரட்ட முடியாம இருந்திருக்காங்க. நான் அன்னைக்கு அதைக் கேக்கல, பாக்கல. பாக்காமலே நல்லா இருக்காங்கன்னு உனக்குச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

அவன் பக்கம் இரும்பை அறுக்கிற ஓசை கேட்டது.

"உங்களை நம்பித்தானக்கா லீவைக் கேன்சல் பண்ணேன்."

"ஆமாம்."

"இப்பவாவது சொல்லுங்க. வரட்டுமா, வேண்டாமா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் வாய் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஏற்கனவே ஒரு தடவை அவனுக்காக நான் முடிவெடுத்துவிட்டேன்.

"டாக்டர் சொன்னதை அப்படியே சொல்றேன், கேட்டுக்க. நாளைக்குப் புண்ணை வெட்டிச் சுத்தம் பண்ணப் போறாங்க. பிழைப்பாரான்னு உறுதி சொல்ல முடியாதுங்கறாங்க. பிழைச்சா ரெண்டு வாரம் இங்க. அப்புறம் வீட்டுக்கு வந்தா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட ஆள் வேணும். அம்மாவால இன்னும் சில மாசத்துக்கு அது முடியாது. இதுதான் நிலவரம். முடிவு நீ எடு."

மூன்றாம் நாள் வந்து நின்றான். அதுவரை நான் போகிற தேவாலயத்துச் சபைப் பெண்கள் இரண்டு பேர் முறை வைத்து வார்டில் இருந்தார்கள். அவன் என்னிடம் ஒரு வாரம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அது நியாயம் என்பதால் நானும் சமாதானம் தேடிப் போகவில்லை. தினம் போய்க் கட்டு மாற்றும்போது உடன் இருந்துவிட்டு வந்தேன். கோவிந்தராஜன் பிழைத்துக்கொண்டார். மனிதருக்கு உடம்பு பாதிதான் வேலை செய்தது. அந்தப் பாதி நல்ல வைரம் பாய்ந்த பாதி.

செந்திலின் லீவு முடியப் போகிற நேரத்தில் அடுத்த கேள்வி வந்தது. தஞ்சாவூரில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தான். சுத்தமான இடம், நல்ல சாப்பாடு. ஆனால் படுக்கையில் கிடப்பவர்களை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். நடமாடுகிறவர்கள் மட்டும்தான்.

ராஜேஸ்வரி அம்மாள் மகனைப் பார்த்து, "நல்ல இடமாத்தான் பாத்திருக்க. என்னைச் சேத்துக்குவாங்க, அவரை வெளியில வச்சுடுவாங்க," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த நாட்களில் நான் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத் தொடங்கியது. 'குணம்' என்று எழுதியவர்களில் வயதானவர்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம் முதலிலிருந்து மறுபடி போனேன். காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. குடத்தை யார் தூக்குகிறார்கள், கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடிகிறதா, இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கடைசியாக ஒன்று: நீங்கள் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள்? கண் தெரியாத அக்காவைப் பார்த்துக்கொள்கிற எழுபது வயதுத் தங்கை இருந்தார். மூளை வளர்ச்சியில்லாத மகனைக் குளிப்பாட்டுகிற அப்பா இருந்தார். எல்லோரும் என் கையெழுத்தில் குணமானவர்கள்.

அப்படிப் போன இடத்தில்தான் அஞ்சலையைப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில் வீடு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்த வட்டாரத்திலேயே வேகமாக நடவு நடுகிறவர் என்று பெயர். காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு நர்சம்மா. இந்த முழங்கால்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. சேத்துல இறங்குனா ஏற முடியல. இந்த சம்பா எனக்கு இல்லேன்னு ஆயிடுச்சு."

முறத்தைப் பிடித்திருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவருக்குக் கால் இருக்கிறது, கை இல்லை. இங்கே ஒருவருக்குக் கை இருக்கிறது, கால் இல்லை.

கோவிந்தராஜனைப் புரட்டிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற விஷயத்தைச் சொன்னேன். அஞ்சலை அரிசியில் கல் பொறுக்கினார்.

"அவங்க வயல்ல இருவது வருஷம் நட்டிருக்கேன். வீட்டுக்குள்ள போனதில்ல. உள்ள விடுவாங்களா?"

"கேக்குறேன். நீங்க வர சம்மதமா, அதைச் சொல்லுங்க."

"நடவுக் கூலிக்குக் குறையக் கூடாது. தட்டுல தூரத்தேருந்து போடுற சோறு எனக்கு வேண்டாம். எங்க வீட்டுலேருந்து கொண்டாந்துக்குவேன்."

ராஜேஸ்வரி அம்மாளிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் மாறியது. கெட்டவர் இல்லை. பழகிய விதம் அப்படி.

"ஊர் என்ன சொல்லும் நர்சம்மா?"

எனக்குப் பேசத் தெரியும். அரை மணி நேரம் நியாயம் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு வேறு காரணம் சொல்லி மறுத்திருப்பார். ஆகவே ஒன்று மட்டும் கேட்டேன்.

"ஊர்ல யாரு வந்து ஐயாவைப் புரட்டிப் போடுவாங்கன்னு சொல்லுங்க, அவங்களையே கேட்டுட்டு வரேன்."

அவர் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில், "கொல்லைப் பக்கமா வரச் சொல்லுங்க," என்றார்.

நான் அதற்கு ஒத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இல்லை. ஆனால் அன்று புண் இன்னும் ஆறவில்லை, செந்தில் மறுநாள் விமானம் ஏற வேண்டும். எந்த வாசல் என்ற சண்டையைப் பிறகு போடலாம், அவர் முதுகு காத்திருக்காது என்று முடிவெடுத்தேன். அஞ்சலையிடம் இதை மறைக்காமல் சொன்னேன். "எதிர்பார்த்ததுதான்," என்றார்.

கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம், அஞ்சலை குனிய வேண்டியிராதபடி. பக்கத்தில் ஒரு முக்காலி. அவர் உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தோளுக்குப் பின்னாலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து ஒருக்களிக்க, ராஜேஸ்வரி அம்மாள் எதிர்ப்பக்கம் நின்று முழங்கையாலும் வயிற்றாலும் தாங்கிக்கொள்வார். இரண்டு நாள் நான் காட்டிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் என்னைவிட அவர்கள் லாவகமாகச் செய்தார்கள். அஞ்சலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கஞ்சி ஊட்டும்போது அன்றைக்கு எந்த வயலில் நடவு, எந்த மடையில் தண்ணீர் ஏறவில்லை என்று கோவிந்தராஜனிடம் சொல்லிக்கொண்டே ஊட்டுவார். பக்கவாதம் வந்தபின் அவரிடம் வயலைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார், கஞ்சியும் இறங்கிவிடும்.

மூன்று வாரம் இருக்கும். நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அஞ்சலை கிளம்புகிற நேரம். கொல்லைப் பக்கம் நடந்தவரை ராஜேஸ்வரி அம்மாள் கூப்பிட்டார்.

"அஞ்சல, நாளைக்கு வாசப்பக்கமாவே வா. கொல்லையில படி உயரம், உன் முழங்காலுக்கு ஆகாது."

அஞ்சலை திரும்பிப் பார்த்தார். "சரிங்கம்மா," என்று மட்டும் சொன்னார். மறுநாள் தெருவே பார்க்க வாசல் வழியாக வந்தார். ஒரு வாரம் தெரு பேசியது. பிறகு நடவு முடிந்து பேச வேறு விஷயம் வந்துவிட்டது.

பொங்கலுக்குச் செந்தில் மறுபடி வந்தான். அப்பாவின் முதுகைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். மன்னிப்பு, நன்றி என்றெல்லாம் எதுவும் பேசவில்லை. "அக்கா, நான் ஃபோன்ல எப்படி இருக்கீங்கன்னு கேட்டா அம்மா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க. நான் என்னதான் கேக்கணும்?" என்றான்.

"எப்படி இருக்கீங்கன்னு கேக்கவே கேக்காத. இன்னைக்கு என்ன குழம்பு, தேங்காயை யார் துருவினா, துணியை யார் பிழிஞ்சா, இதைக் கேளு. நல்லா இருக்கேன்னு பொய் சொல்லலாம். தேங்காய் யார் துருவினான்னு கேட்டா, பொய் சொல்ல யோசிக்கணும். அந்த யோசனை உனக்குக் கேக்கும்."

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு முதியவருக்கு என்ன தேவை என்பது அவர் நெற்றியில் தெரியாது. அவர் வீட்டில் என்னென்ன வேலை நின்றுபோயிருக்கிறது என்பதில் தெரியும். அவரை நம்பி இன்னொருவர் இருந்தால், நோயாளி அங்கே இரண்டு பேர். இப்போது வேறு பெயரில் வேறு காய்ச்சல்கள் வருகின்றன. கேள்வி மாறவில்லை. இனி ரெஜிஸ்டரில் 'குணம்' என்று எழுதும்போது ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்துங்கள். அப்படி நிறுத்தியதால் எனக்கு வேலை கெட்டதே இல்லை.

கோவிந்தராஜன் அதன்பின் மூன்று வருஷம் இருந்தார். ராஜேஸ்வரி அம்மாளின் விரல்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டன, ஆனாலும் அஞ்சலை வருவது நிற்கவில்லை. அறுவடை முடிந்த ஒரு காலையில், கஞ்சி குடித்துவிட்டு, கோவிந்தராஜன் போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்டு நான் போனபோது உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். செந்தில் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். காலனியிலிருந்து வந்தவர்கள் வழக்கப்படி தெருவிலேயே நின்றிருந்தார்கள். அஞ்சலையும் அவர்களோடு நின்றிருந்தார்.

உள்ளே நான்கைந்து ஆண்கள் கட்டிலிலிருந்து அவரைக் கூடத்துப் பெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். இடது கை உடம்புக்கடியில் மடங்கிக் கிடந்தது. ஒருவர் அதைப் பிடித்து இழுத்தார்.

"இருங்க," என்றார் ராஜேஸ்வரி அம்மாள். "கையை அப்படி இழுக்காதீங்க. அஞ்சல எங்க? உள்ள கூப்பிடுங்க."

"இப்ப எதுக்கு அவ? நாங்க தூக்கிடுறோம்," என்றார் மூத்த உறவினர் ஒருவர்.

"உங்களுக்குத் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். கூப்பிடுங்க."

யாரும் அசையவில்லை. நானே வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். அஞ்சலை படியேறி, கூடத்தைத் தாண்டி, அந்த ஆண்களுக்கு நடுவில் வந்து நின்றார். முக்காலியைத் தேடவில்லை. முழங்கால் வலியோடு கட்டிலோரம் மண்டியிட்டார். "ஐயா, கையை எடுத்து நெஞ்சு மேல வைக்கிறேன்," என்று அவரிடம் சொன்னார், கேட்டுக்கொண்டிருக்கும் மனிதரிடம் சொல்வதுபோல. தோளுக்குப் பின்னால் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. மெல்ல ஒருக்களித்து, மடங்கிய கையை விடுவித்து, நெஞ்சின் மேல் வைத்தார். பிறகு நிமிர்ந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"இப்பத் தூக்குங்க," என்றார்.

தூக்கினார்கள்.